கடவுளுக்கு நான் பாடிய சாவுகானா

என் கையும் வாயும் ஒட்டிப் பிறந்தவை. கை டோலக்கைத் தொட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இந்த வியாதியால் நான் பட்ட அவமானங்கள் கொஞ்சநஞ்சமல்ல. மற்றதையெல்லாம் என் வீட்டார் மறந்துவிட்டார்கள், ஒன்றை மட்டும் சாகும்வரை மறக்க விடமாட்டார்கள் போலிருக்கிறது. கடவுளுக்கே நான் சாவுகானா பாடியிருக்கிறேன். அதுவும் மைக் போட்டு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பகலில் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிற வேலை. சாயங்காலமானால் டோலக். காசிமேடு, ராயபுரம், புளியந்தோப்பு என்று எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் எங்கள் கானா செட்டுக்குச் சொல்லி அனுப்புவார்கள். செத்தவர் பெயரை வரிக்கு வரி கூப்பிட்டு, அவர் பெருமையைப் பாடி, அழாதவர்களையும் அழவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். எங்கள் பக்கத்தில் மரியாதை என்றால் அதுதான். (என் சாவுக்கு யார் வாசிப்பது என்று செட்டுக்குள் இன்னும் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.)

யார்டுக்கு எதிரே ஒரு லாரி உதிரிபாகக் கடை. அதன் முதலாளியை ஊரே பெரிய சிங்கு என்று கூப்பிடும். அவர் மனைவி சிங்கம்மா. பஞ்சாபிலிருந்து கல்யாணமாகி வந்தவர், மீன்காரியிடம் பேரம் பேசினால் காசிமேட்டிலேயே பிறந்தவர் என்று சத்தியம் செய்யலாம். அவர்கள் மகன் பல்விந்தர் என் உயிர்த் தோஸ்து. அந்தக் கடையில் எத்தனை வருஷம் டீ குடித்திருப்பேன்! பெரிய சிங்கின் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டிருப்பேனா? கேட்கவில்லை. கடைப் பலகையில் எம்.எஸ். என்று இரண்டு எழுத்து இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்றும் தோன்றியதில்லை. சிங்கு என்றால் சிங்கு, அவ்வளவுதான்.

அவர் காலமான அன்று நான் மாமனார் ஊரில் இருந்தேன். பத்தாம் நாள் காலை நான் ஊர் திரும்பியதும் பல்விந்தர் போன் செய்தான்.

"மச்சி, பேஜாரா பூட்ச்சுடா. இன்னிக்கி அப்பாவுக்கு பிரார்த்தன. தபேலா வாசிக்கிறவரு கன்டெய்னர் லாரி கியூல மாட்டிகினாரு. நீ டோலக்க தூக்கினு வாடா."

"உங்க சாமி பாட்டு எனக்குத் தெரியாதேடா."

"நீ பாட வாணாம். வாசி, போதும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "லூதியானாலேர்ந்து சித்தப்பா வந்துகீறாரு. இந்த ஊர்ல நமக்கு யாரு கீறாங்க, அங்க இட்டாந்து ஒழுங்கா பண்ணியிருக்கலாம்னு அம்மாவ நாலு நாளா நச்சரிச்சிகினு கீறாரு. அப்பா இங்கதான் பண்ணணும், பாட்டோட பண்ணணும்னு சொல்ட்டுப் போனாரு. இன்னிக்கி எதுனா கொறஞ்சா அம்மா தாங்காதுடா."

தோள்பட்டையில் டோலக்கை மாட்டிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு ஷேர் ஆட்டோவே வழிவிட்டது.

கடை மாடியில்தான் அவர்கள் வழிபாட்டு அறை. பல்விந்தர் ஒரு காவித் துணியைக் கொடுத்துத் தலையில் கட்டச் சொன்னான். நான் கட்டிய கட்டில் எங்கள் தெரு கபடி டீம் கேப்டன் மாதிரி இருந்தேன். தரை முழுக்க வெள்ளை விரிப்பு. எதிரே மேற்கட்டியின் கீழ் பட்டு போர்த்திய புனித நூல். பக்கத்தில் ஆர்மோனியம், மைக்கோடு வெண்தாடிப் பாடகர் ஒருவர்; அவரருகே எனக்கு இடம். முப்பது பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலை போட்ட படம் இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லை. மாரடிப்பவர் யாருமில்லை. சாவு வீட்டில் சத்தமில்லை என்றால் எனக்குக் கைகால் ஓடாது.

பாடகர் ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து, ஒரே ஒரு சொல்லைப் பாடினார். "வாஹேகுரு." எல்லோரும் திருப்பிப் பாடினார்கள். மறுபடி அதே சொல், வேறு மெட்டில். மறுபடி, இன்னும் தாழ்ந்த குரலில்.

அப்போதுதான் என் அறிவுக்கண் திறந்தது. அடப்பாவி, பெரிய சிங்கின் பெயர் இதுதானா! எங்கள் ஊர் மாதிரியேதான் செய்கிறார்கள், செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், சத்தம்தான் கொஞ்சம் கம்மி. இத்தனை வருஷம் டீ குடித்தும் தெரியாத பெயரை இப்போதாவது தெரிந்துகொண்டேனே என்று எனக்கு ஒரே திருப்தி.

அதன்பின் நடந்ததை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முதலில் எத்தனை முறை சொல்கிறார்கள் என்று எண்ணினேன். சீக்கிரமே எண்ணிக்கை விட்டுப்போனது. ஒரே சொல்தான், ஆனால் ஒருமுறை வந்தது போல இன்னொரு முறை வரவில்லை. கீழே ரோட்டில் லாரி போனால் தரை அதிரும், அந்த அதிர்வும் தாளத்தில் சேர்ந்துகொண்டது. துறைமுகத்தில் கப்பல் ஊதியது, அதுவும் சுருதியில் கலந்தது. எந்தச் சாவிலும் நாலு உருட்டு உருட்டாமல் அடங்காத என் கை என்னைக் கேட்காமலே அடங்கியது. பாடுகிறவர்கள் மூச்சை உள்ளே இழுக்கும்போது பாதிச் சொல், வெளியே விடும்போது மீதி. என் மூச்சும் எப்போது அப்படி மாறியது என்று தெரியாது. உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரிய சிங்கு டீயைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் கொடுப்பாரே, அது ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

பாட்டு மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. ஆர்மோனியம் நின்றது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் மூடிக்கொண்டார்கள். அறையில் ஊசி விழுந்தால் கேட்கும்.

அவர்கள் வழக்கத்தில் அந்த மௌனமும் வழிபாட்டில் சேர்ந்ததாம். பாடிப் பாடி உள்ளே இறக்கிய சொல்லைச் சத்தமில்லாமல் கேட்கிற நேரமாம். எனக்கு என்ன தெரியும்? எங்கள் செட்டில் மேளம் நின்றால், கானாக்காரன் எழுந்து செத்தவர் புகழைப் பாட வேண்டும் என்று அர்த்தம். நாலு தாளத்துக்குள் எடுக்காவிட்டால் செத்தவருக்கு அவமானம். பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. லூதியானா சித்தப்பா வேறு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இந்த ஊரில் இவருக்கு யாருமில்லை என்று நினைத்துவிடமாட்டாரா?

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"டயரு தேஞ்சா மாத்திக்கலாம்,
டீசல் தீந்தா ஊத்திக்கலாம்,
உன்ன எங்கப் போயி தேடிக்கலாம், வாஹேகுரு நைனா!
கடையத் தொறந்து வெச்சுப்புட்டு
கண்ண மூடிகினியே, வாஹேகுரு நைனா!"

கண்ணை மூடிக்கொண்டு, கண்ணீர் வழிய, இரண்டு தரம் பாடினேன். கடைசியில் ஒரு உருட்டலும் கொடுத்தேன். கண்ணைத் திறந்தபோது சித்தப்பா பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தார். சிங்கம்மா துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார், தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேன், சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

பல்விந்தர் என் காதருகே குனிந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"டேய்... எங்கப்பா பேரு மொஹிந்தர் சிங்."

"அப்போ வாஹேகுரு?"

"சாமிடா! சாமி செத்துட்டாருன்னு சாமி முன்னாடியே பாடிட்டியேடா, பாவி!"

டோலக்கின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். நண்பன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு உதவி, வாயைத் திறக்காமல் வாசிப்பது. சித்தப்பா பஞ்சாபியில் ஏதோ உறுமினார். நான் டோலக்கை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். அப்போது பாடகர் என்னைப் பார்த்து, உட்கார் என்று கையைக் காட்டினார். ஆர்மோனியத்தைத் தொட்டு, எதுவுமே நடக்காதது போல, அதே சொல்லை அதே சுரத்தில் மறுபடி எடுத்தார். வாசிக்காமல் என்ன செய்வது? வாயை இறுக்க மூடிக்கொண்டு வாசித்தேன்.

எல்லாம் முடிந்து, கையில் நெய் ஒழுகும் கோதுமை அல்வாவோடு, மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்திருந்தேன். சிங்கம்மா தேடிக்கொண்டு வந்தார். காலில் விழப் போனேன்.

"ஏய், எந்திரி. எங்க வேண்டுதல் முடிக்கசொல்லோ 'தப்பு தண்டா எதுனா இருந்தா மன்னிச்சுக்கோ'ன்னு கேட்டுப்போம். நானும் தெனம் கேட்டுகினு கீறேன். இன்னிக்குத்தான் அதுக்கு சரியான வேல வந்துச்சு."

"அந்த வார்த்தைக்கு இன்னாதாம்மா அர்த்தம்?"

"'வாஹ்'னா உங்க அடேங்கப்பா மாதிரி. கடலப் பாத்தா, பொறந்த கொயந்தயப் பாத்தா, வாயில தானா வருமே, அது. குருன்னா இருட்டுலேர்ந்து கையப் புட்ச்சி வெளிச்சத்துக்கு இட்டாறவரு. அவர நெனச்சி அடேங்கப்பான்னு மலைச்சி நிக்கிறோம், அவ்ளோதான்."

"அத ஏன் பாட்டா சொல்லணும்?"

"சும்மா சொன்னா வாய்தான் சொல்லும். பாடினா மூச்சும் சேந்து சொல்லும். நீதான் வாசிக்கசொல்லோ பாத்தியே."

பார்த்தேன். அல்வாவில் ஒரு வாய் போட்டுக்கொண்டு, பயந்துகொண்டிருந்த விஷயத்துக்கு வந்தேன்.

"சித்தப்பா கோவமா இருக்காராம்மா?"

"இருந்தாரு. அர்த்தம் சொல்லுன்னாரு, சொன்னேன். உன்ன எங்கப் போயி தேடறதுன்னு கேட்டியே, சாமியக் கும்புடற எல்லாரும் அதத்தானே கேக்கறோம்னேன். அப்புறம் ஒண்ணு சொன்னேன்: இந்த ஊர்ல நமக்கு யாரு கீறாங்கன்னியே, பேரு கூட தெரியாதவன் அந்த மனுசனுக்கு அழுதுகினு பாடறான், பாத்துக்கோன்னேன். கம்முனு பூட்டாரு." அப்போது துப்பட்டாவுக்குள் சிரித்த சிங்கம்மா இப்போது நிஜமாகவே அழுதார். எனக்கும் அழுகை வந்தது. மொஹிந்தர் சிங், மொஹிந்தர் சிங் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு பாடம் கற்றுக்கொண்ட நல்லபிள்ளையாக உடனே கேட்டேன்: "உங்க பேரு இன்னாம்மா?"

சிங்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாத்துக்கு? இப்பவே எனக்குப் பாட்டு கட்டப் போறியா?"

இப்போதும் நான் வீட்டுக்கு லேட்டாக வந்தால் என் மனைவி கதவைத் திறந்து, "உன்ன எங்கப் போயி தேடிக்கலாம், வாஹேகுரு நைனா" என்று ராகத்தோடு வரவேற்பாள். என் மகளுக்குத் தாலாட்டே அதுதான். கடைப் பக்கம் போனால், "சாமிய சாவடிச்சவன் வந்துட்டான், டீ போடு" என்று சிங்கம்மா குரல் கொடுப்பார்.

ஒவ்வொரு வருஷமும் மொஹிந்தர் சிங் நினைவு நாளில் டோலக் வாசிப்பது நான்தான். பாட்டு ஓய்ந்து அந்த மௌனம் வரும். முப்பது பேரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். சிங்கம்மா மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, கையை நீட்டி, மைக்கை என்னிடமிருந்து தள்ளி வைத்துவிட்டு, பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொள்வார்.