செவுள் பார்க்காத விஞ்ஞானி

படிக்காதவர் செய்யும் தவறு அன்றைக்கே முடிந்துவிடும். படித்தவர் செய்யும் தவறுக்குக் கோப்பு எண் உண்டு. என் தவறின் கோப்பு இன்றைக்கும் ஒரு அலுவலக அலமாரியில், சிவப்பு நாடா கட்டி, பாச்சை உருண்டை வாசனையோடு பத்திரமாக இருக்கிறது. அதை அங்கே வைத்தவனும் நான்தான்.

இளமைத் துடுக்கு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. பயிர் நோய்களையும் மண் பாக்டீரியாவையும் ஆராயும் நிலையம் ஒன்றில் முதுநிலை விஞ்ஞானி. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து, பயறுச் செடியின் வேரில் முடிச்சு கட்டிக்கொண்டு, செடிக்கு ஊட்டுகிற பாக்டீரியாதான் என் பிழைப்பு. முப்பது வருடம் அதைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தேன். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நெற்றியில் கை வைத்துப் பார்த்ததோடு சரி. குடுவைக்கு மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பம் பார்த்திருக்கிறேன் (இதை மகளே என்னிடம் சொல்லிக்காட்டியிருக்கிறாள்).

விதிமுறைகளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. விடுப்பு விதி, கொள்முதல் விதி, உடைந்த சோதனைக் குழாயைக் கழித்துக்கட்டும் விதி, எல்லாம் பக்க எண்ணோடு சொல்வேன். விவசாயிகளுக்கு ஒரு கையேடும் எழுதியிருக்கிறேன். வேர் முடிச்சு நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க அதில் இரண்டே சோதனை. விரலால் தேய்த்தால் முடிச்சு உதிர வேண்டும். வெட்டினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். உதிராமல், வெளுப்பாக இருந்தால் அது பாக்டீரியா அல்ல, வேரைத் தின்னும் நூற்புழு. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதியிருப்பதாகப் பாராட்டினார்கள்.

ஓய்வுக்கு முன்னால், நேரில் விளைத்துக் காட்டுகிற ஒரு செயல்விளக்கத் திடல் போட்டே ஆக வேண்டிய நிலை. அதுவும் எதுவுமே விளையாத மண்ணில் போட்டால்தான் பெயர் வரும். செல்வியின் இடத்தைக் காட்டியவள் என் மனைவி பிலோமினா.

செல்வி எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரி. பன்னிரண்டு வருடம் ராயபுரம் கல்மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவந்தவள். ஆற்றில் மீன் அற்றுப்போனதும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொடுங்கையூர் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பிரிக்கப் போனாள். போய் ஆறாம் மாதம் இருமல் வந்தது. அதன்பிறகு அது போகவே இல்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் உப்பு மணல் கிடந்தது. காராமணி விளைந்தால் குப்பைமேட்டை விட்டுவிடலாமே என்று பிலோமினா இரண்டு பக்கமும் பேசி முடித்தாள்.

நான் கொண்டுபோன பாக்டீரியாப் பொட்டலத்தைச் செல்வி பிரித்துப் பார்த்தாள். கரிப்பொடியில் கலந்திருப்பதால் கறுப்பாக இருக்கும். எதிரே நின்ற அனல்மின் நிலையப் புகைபோக்கியை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இன்னா சார், தெனம் எங்க வூட்டு மேல கொட்ற சாம்பலையே பாக்கெட்ல போட்டு குடுக்கற?"

அது உயிருள்ள பொருள் என்று அரை மணி நேரம் விளக்கினேன். ஆறின கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தச் சொன்னேன். கஞ்சி என்றதும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கஞ்சி குடிக்கிற ஜந்து கெடுதல் செய்யாது என்றாள். பிறகு, மண்வெட்டியைக் கையில் எடுக்கும்போது, இன்றைக்கும் எனக்குக் காதில் கேட்கிற ஒன்றைச் சொன்னாள்.

"குப்பைல எடத்த வுட்டுட்டு வந்துகீறேன் சார். ஒரு வெளச்சல் பாக்கணும். வந்துச்சுன்னா அந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்கமாட்டேன்."

வெறும் மணலில் என் பாக்டீரியா திணறுமே என்று பாசம் பொங்கியது. எங்கள் நிலையத்தின் பின்புறம் நல்ல செம்மண் குவித்து வைத்திருந்தார்கள், கழித்துக்கட்ட. ஒரு லாரி லோடு ஏற்றச் சொன்னேன். மண்ணை வெளியே அனுப்பும்முன் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நம் வீட்டு மண்தானே என்று படிவத்தில் கையெழுத்து போட்டேன்.

காராமணி முதல் மூன்று வாரம் தளதளவென்று வந்தது. குப்பத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு ஒருநாள் செல்வி போன் செய்தாள். இலை மஞ்சளாக இருக்கிறதாம், மத்தியானம் ஆனால் தண்ணீர் ஊற்றியும் தொங்கிப்போகிறதாம். பாக்டீரியா வேலையைத் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும், பொறுமை வேண்டும் என்றேன். அடுத்த வாரமும் போன் செய்தாள். அடுத்த வாரமும் பொறுமை வேண்டும் என்றேன். நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். பயணப்படி விண்ணப்பத்துக்கு அனுமதி வரவில்லை (ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்).

திடலைக் காட்டும் நாள் வந்தது. சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, 'வேருக்குள் ஒரு உரத் தொழிற்சாலை' என்று பேனர். இயக்குநர் வந்தார். பக்கத்து அலுவலகங்களிலிருந்து பத்துப் பேர் வந்தார்கள். ஊரே கூடி நின்றது. செடிகள் ஒரு மாதிரி சோர்ந்துதான் இருந்தன. வெயில் என்று சொல்லிவிட்டு, ஒரு செடியைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினேன்.

வேர் முழுக்க முடிச்சு. என் சர்வீஸில் அவ்வளவு முடிச்சைக் கண்டதில்லை. மணிமணியாக, கொத்துக்கொத்தாக, உருண்டு திரண்டு நின்றது. செடியை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். இது வெறும் முடிச்சல்ல, இந்த மக்களின் எதிர்காலம் என்றேன். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

செல்வி கிட்டே வந்து ஒரு முடிச்சைக் கட்டைவிரலால் தேய்த்தாள். இன்னொன்றைத் தேய்த்தாள்.

"சார், நீ குடுத்த பொஸ்தகத்துல தேச்சா வுதிரும்னு போட்டுகீது. இது வுதிரலியே."

அந்த இடத்தில் குனிந்து பார்த்திருந்தால் மனிதன். நான் விஞ்ஞானியாயிற்றே. இது முதிர்ந்த முடிச்சு, அடுத்த கட்ட வளர்ச்சி, உதிராது என்றேன். உலகத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. அந்த நிமிடம் இயக்குநரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் கண்டுபிடித்தேன்.

செல்வி வேரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். உள்ளே போய் மீன் நறுக்கும் அரிவாள்மணையைக் கொண்டுவந்து சாமியானாவின் நடுவில் போட்டு, குந்தி உட்கார்ந்தாள். வேரை அதில் வைத்து, நெத்திலித் தலையைக் கிள்ளுகிற லாவகத்தில் ஒரு முடிச்சை இரண்டாகப் பிளந்தாள். விரல் நுனியில் வைத்து நீட்டினாள். வெள்ளை. இன்னொன்று பிளந்தாள். அதுவும் வெள்ளை. ஏழெட்டு முடிச்சு பிளந்திருப்பாள். ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை.

"மீனுன்னா செவுள தூக்கிப் பாப்போம். செவப்பா இருந்தாத்தான் வாங்கிக்கலாம். நீ அதே மாதிரிதான் எழுதிகீற, அதான் மனசுல நின்னுச்சு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இது கெட்டுப்போச்சா சார்?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே கேட்டாள். ஆறு சென்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இயக்குநர் "என்ன அருளப்பன் இது?" என்றார். வந்தவர்களில் ஒருவர் பேனரைப் பார்த்துச் சிரித்ததும் காதில் விழுந்தது. பஜ்ஜி வந்தது. ஒருவரும் தொடவில்லை. இருபது நிமிடத்தில் சாமியானாவைப் பிரித்துவிட்டார்கள். நூற்புழு கண்ட இடத்தில் செய்ய வேண்டியது என்ன என்பதும் என் கையேட்டில் இருக்கிறது, பதினோராம் பக்கம். எல்லாச் செடியையும் பிடுங்கி எரிக்க வேண்டும். நிலத்தை வெயிலில் காயப்போட வேண்டும். ஒரு வருடத்துக்குக் காய்கறி வைக்கக் கூடாது. செல்வியே பிடுங்கினாள், செல்வியே எரித்தாள். நான் பக்கத்தில் நின்று பக்க எண் சொன்னேன்.

அந்த மணலில் புழு எங்கிருந்து வந்தது என்பது மறுநாள் தெரிந்தது. லாரி லோடுக்கு நான் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'கழிக்கக் காரணம்' என்ற கட்டத்தில், பக்கத்துப் பிரிவின் உதவியாளர் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: நூற்புழு வளர்ப்புப் பாத்தி, ஆய்வு முடிந்தது. அதற்கு நேர் கீழே என் கையெழுத்து. மூன்று வருடம் அவர்கள் புழுவுக்குத் தீனி போட்டு வளர்த்த மண்ணை, நான் லாரி வைத்துக் கொண்டுபோய் செல்வி வீட்டில் இறக்கியிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை முகத்துவாரக்குப்பம் போனேன். பஸ்ஸில்தான். எண்ணூர் வரைக்கும் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். புழுவின் அறிவியல் பெயரில் தொடங்கி, நிறுவனக் குறைபாடு வழியாக, வருத்தத்தில் முடிப்பதாகத் திட்டம். செல்வி சாக்குப்பையைத் தைத்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை கொடுங்கையூர் போகிறாள். பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டதால், மேட்டின் உள்பக்கம், புகை அதிகமாக இருக்கிற இடத்தில்தான் சேர்த்துக்கொள்வார்களாம். நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"உப்பு எங்களுது. சாம்பலு எங்களுது. புழு உன்னுது. அப்டித்தான?"

"ஆமாம்."

"இத்த சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்த? குந்து. டீ குட்சிட்டு போ."

குடித்தேன். இதுவரைக்கும் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனி வருவதைச் சொன்னதில்லை. திங்கட்கிழமை நானும் அலுவலகம் போனேன். இறுதி அறிக்கை எழுதினேன். 'கழிமுகப் பகுதியின் உப்பு மற்றும் சாம்பல் படிந்த பாதகமான மண் சூழலால் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை.' ஒரு எழுத்துப் பிழை கிடையாது. புழுவைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. படிவத்தைக் கோப்பின் அடியில் வைத்து நாடா கட்டினேன். இயக்குநர் ஒப்புதல் அளித்தார். சந்தன மாலை போட்டு எனக்கு ஓய்வு கொடுத்தார்கள்.

வீட்டில் இது அரிவாள்மணையோடு முடிகிற கதை. அவள் வீட்டு மண்தான் காரணம் என்று சொல்லிவைத்திருந்தேன். கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் பிலோமினா, "செவுள் பாத்தாச்சா?" என்பாள். மகளுக்கு வரன் பார்த்துவிட்டு வந்து, பையன் தங்கமானவன் என்றேன். "செவுள் பாத்தீங்களாப்பா?" என்றாள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளையே காதைத் தூக்கிக் காட்ட, இரண்டு வீட்டாரும் இலை முன்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன மாதம் பிலோமினாவோடு தண்டையார்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். குப்பைமேட்டில் வேலை முடித்து மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி செல்வி. பாதியாகிப் போயிருந்தாள். பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவர்களிடம் என்னைக் காட்டினாள்.

"எங்க வூட்டாண்ட புழு வுட்டாருன்னு சொல்லுவேனே, அந்த சாரு இவருதான். நல்ல மன்சன். செவுள் பாக்கத்தான் தெரியாது."

மூவரும் சிரித்தார்கள். செல்வியின் சிரிப்பு பாதியில் இருமலாக மாறி, பஸ் வந்து நின்ற பிறகும் முடியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ வீட்டு மண்ணாலதான் கெட்டுதுன்னு சொன்னீங்க?"

திருவொற்றியூரே காதில் விழுகிற மாதிரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்கு வைத்துக்கொண்டு ராயபுரம் வரைக்கும் பதில் சொல்லவில்லை. இறங்கியபின் எல்லாவற்றையும் சொன்னேன், கோப்பு எண் உட்பட.

வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள், செவுள் பார்த்தாச்சா என்று. மகள் கேட்கிறாள், மாப்பிள்ளை கேட்கிறார். பிலோமினா மட்டும் கேட்பதில்லை. நன்றாக இருக்கிறது என்று நான் வாங்கிவரும் கத்தரிக்காயை அவளே வெட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.