ஹைஹெட்டுக்கு ஒரு மைக்

"என்னாங்க இது, யாரோ கடுகு தாளிக்கிற மாதிரி கேக்குது?" என்றாள் ஷாமிலா.

சுமன் போனை வாங்கி மறுபடி போட்டுக் கேட்டான். கடுகுதான். டிரம்ஸ் செட்டின் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு பித்தளைத் தட்டுகளுக்கு ஹைஹெட் என்று பெயர். காலையிலிருந்து அவன் உயிரைக் கொடுத்து வாசித்த அந்த ஹைஹெட், போன் ரெக்கார்டிங்கில் சட்டிக்குள் வெடித்துக்கொண்டிருந்தது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஒற்றையறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்கு மேலே, மலையில் தெரியும் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். அங்கே டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை. மானேஜர் மிலான் போனில் தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"கெஸ்ட் சாப்பிடுற நேரம் அதிர அடிக்கக் கூடாது மிஸ்டர் சுமன். ஹைஹெட் மட்டும் மெல்லிசா, தெளிவா வரணும். ரெக்கார்ட் பண்ணி இன்னிக்கு அந்திக்குள்ள அனுப்புங்க. முதலாளி மேடம் கொழும்புல இருக்காங்க, கேட்டுட்டு முடிவு சொல்லுவாங்க."

வேலை கிடைத்தால் தினமும் வீட்டுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கோப்பை கழுவப் போக வேண்டும். பேசி முடித்தாயிற்று. பிள்ளை இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. 

கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் சிறிலைக் கூப்பிட்டான். அவர் ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

"இதப் புடி தம்பி. தலைவருமாருக்குக் குடுக்கிற மைக்கு."

பல தேர்தல்களைப் பார்த்த மைக் அது. பொய்யைத் தவிர வேறெதையும் வாங்கிப் பழக்கமில்லாதது. ஹைஹெட்டின் மெல்லிய ஓசை அதற்குள் ஏறவே மறுத்தது. சுமன் தட்டுகளுக்கு ஒட்டினாற்போல் கொண்டு வைத்தான். பெடலை மிதித்துத் தட்டுகளை மூடும்போதெல்லாம் நடுவிலிருந்த காற்று பீய்ச்சி மைக்கில் அடித்தது. புஸ், புஸ்.

"பாம்பு பூந்த மாதிரி இருக்கேண்ணே. வேற இல்லியா?"

"இருக்கு. கண்டென்சர் மைக்கு. ஊசி விழுந்தாலும் கேக்கும்."

கேட்டது. ஹைஹெட் 'சிக் சிக்' என்று கண்ணாடி மாதிரி வந்தது. சுமன் சிறிலின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகுதான் மற்றவையும் வந்தன. பக்கத்துக் காம்பராவில் நாகலெட்சுமி தேங்காய் துருவுவது, அதற்கடுத்த காம்பராவில் ஆண்டியப்பன் இருமுவது, அதற்கும் அப்பால் டீவியில் ஒரு மாமியார் மருமகளுக்குச் சாபம் விடுவது.

லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. அது கூரைவரை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். கட்டிய வெள்ளைக்காரனுக்கு அந்த இடத்தில் கல் தீர்ந்ததோ மனசு தீர்ந்ததோ, பிறகு வந்தவர்களும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

சுமன் வெளியே போய்க் கெஞ்சினான்.

"அக்கா, கொஞ்ச நேரம் சத்தம் போடாம இருங்களேன்."

நாகலெட்சுமி துருவலோடு எழுந்து வந்தாள். "ஏன் தம்பி, நீ நாள் பூரா தகரத்தத் தட்டலாம், எங்க வூட்டுல நாங்க தேங்கா துருவக் கூடாதா?"

"மாமா, நீங்களாவது அந்த இருமல..."

"காலமெல்லாம் தோட்டத்துக்கு மருந்தடிச்ச நெஞ்சு இது. தொரை சொல்லியே கேக்கல, நீ சொல்லியா கேக்கப் போவுது?" என்றார் ஆண்டியப்பன்.

சண்டை முற்றும் முன் ஷாமிலா ஓடி வந்தாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பங்களாவுல வேல கெடைக்கத்தான் பதியிறாரு. இல்லாட்டி கொழும்புக்குப் போயிருவாரு."

அது வேறு வினையாகப் போயிற்று. நாகலெட்சுமி உருகிவிட்டாள். லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து, "யாரும் சத்தம் போடாதீங்க! நம்ம சுமனுக்குப் பங்களாவுல வேல!" என்று கத்தினாள். கண்டென்சர் அதையும் அட்சரசுத்தமாகப் பதிந்துகொண்டது. சத்தம் போடக் கூடாது என்று கேள்விப்பட்ட அத்தனை பேரும், எதற்கு என்று விசாரிக்க வாசலில் கூடிவிட்டார்கள்.

சுமன் கதவை மூடினான். சிறில் கம்பளிகளைச் சுற்றிலும் தொங்கவிட்டார். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். சுமன் குச்சியைத் தூக்கினான். நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, அதுவரை அடக்கிவைத்திருந்த இருமல் முழுவதும் ஆண்டியப்பனிடமிருந்து ஒரேயடியாக வெளிவந்தது. பிள்ளை பயந்து வீறிட்டது. சமாதானம் செய்யப் பத்துப் பேர் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். கூரைத் தகரத்தில் மழை சடசடவென்று இறங்கியது.

"அந்தி ஆவுதுங்க," என்றாள் ஷாமிலா மெதுவாக.

வேறு வழியில்லை. மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதி, நடுவில் நிறுத்தாமல் பதிந்ததை அப்படியே அனுப்பினான். கொழும்புக்குக் கொண்டுபோகும் பையை ஷாமிலா கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. மிலான். வாசலில் நின்றவர்களும் கேட்கட்டும் என்று சுமன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மிஸ்டர் சுமன், அருமை! மேடம் ரெண்டு தடவ போட்டுக் கேட்டாங்க. கண் கலங்கிட்டாங்க!"

நாகலெட்சுமி கைதட்டினாள். ஷாமிலா பையை அப்படியே கீழே போட்டாள்.

"நன்றிங்க சார்! எப்பருந்து வரணும் சார்?"

"வரணுமா? இல்ல இல்ல, நீங்க வரத் தேவையில்ல. இந்த ரெக்கார்டிங் மட்டும் போதும். அந்த மழை, அந்தக் கெழவர் இருமுறது, அந்தம்மா கத்துறது, புள்ள அழுறது... எல்லாம் அசல் லயம்! வெள்ளைக்காரங்களுக்கு ரூம்ல மெல்லிசாப் போட்டுவிடலாம்னு மேடம் சொல்றாங்க."

வாசலில் நின்ற ஆண்டியப்பன் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரே ஒரு சின்ன கொறைதான் மிஸ்டர் சுமன்," என்றார் மிலான். "நடுவுல 'சிக் சிக்'னு என்னமோ ஒரு தொந்தரவு வந்துக்கிட்டே இருக்கு, அத மட்டும் எடுத்துட்டு அனுப்புறீங்களா?"