மதுரவல்லி கேட்ட மிச்சம்

ஒரு காட்டில், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஏழே காலுக்கு, அறுபத்திரண்டு இட்லிகள் அடைக்கலம் என்ற கரடியின் குகை வாசலில் வந்து இறங்கின. கொண்டுவந்த குரங்கு கைப்பேசியை நீட்டி, ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிக் கேட்டது. போட்டு அனுப்பிவிட்டு அடைக்கலம் தன் மூன்று குட்டிகளையும் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைத்தான்.

"இதை யாரும் தொடக் கூடாது" என்றான்.

எப்போது தொடலாம் என்று மூத்தவள் கேட்டாள். நாளைக்கு என்றான். இன்றைக்கு வந்த இட்லியை ஏன் நாளைக்குச் சாப்பிட வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, அப்போதுதான் அது மிச்சம் ஆகும் என்றான். சின்னவனுக்கு எச்சில் ஊறித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அடைக்கலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் புற்று தோண்டும் வேலைக்காரன். மழைக்காலத்தில் அந்த வேலை கிடையாது. மனைவி மதுரவல்லி தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுபவள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று, கடலைப் பார்ப்பது. கல்யாணமான வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குகை மூலையில் அதற்கென்று ஒரு மூங்கில் உண்டியல் சாத்திவைக்கப்பட்டிருந்தது. ஆனால் மூன்று வேளையும் யானை முதலாளியின் தும்பிக்கை பவனிலிருந்து சாப்பாடு வரவழைக்கும் வீட்டில் உண்டியலுக்கு என்ன போய்ச் சேரும்? மாதக் கடைசியில் மதுரவல்லி அதை எடுத்துக் குலுக்குவாள். உள்ளே இரண்டு காசு ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கும்.

"ஏங்க, சும்மாதான வீட்டுல இருக்கீங்க. நீங்களே சமைச்சு சாப்பாட்டுச் செலவைப் பாதியாக் குறைச்சீங்கன்னா, தை மாசம் அஞ்சு பேரும் ரயில் ஏறிரலாம்" என்று அவள் சொன்னபோது, அடைக்கலம் நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டான். அதுவரை அவன் அடுப்புப் பக்கம் போனது குளிர் காயத்தான்.

சமையல் கற்றுக்கொள்ளக் கைப்பேசியைத் திறந்தான். காட்டில் அப்போது பெயர் வாங்கிக்கொண்டிருந்தது பவளக்கொடி என்ற நரியின் சிக்கனச் சமையல். தலையில் பூ, பின்னால் பளபளவென்று தேய்த்த பாத்திரம், குழைந்த குரல். ஒவ்வொரு சமையலையும் அவள் ஒரே மாதிரிதான் தொடங்குவாள்.

"வணக்கம் சொந்தங்களே, நேத்து வச்ச சாதம் மிச்சமாயிடுச்சா? கவலையே வேணாம்."

அடைக்கலத்துக்கு முதல் கவலை அங்கேதான் வந்தது. அடுத்ததைத் தட்டினான். மிச்சமான இட்லியில் உப்புமா. அதற்கடுத்தது மிஞ்சிய சப்பாத்தியில் நூடுல்ஸ். பழைய சாம்பாரில் அடை, ஆறிப்போன பொங்கலில் போண்டா என்று பட்டியல் நீண்டது. எல்லாமே மிச்சத்தில் தொடங்கின. கரடி வீட்டில் மிச்சம் என்று ஒன்று இருந்ததே இல்லை. சாப்பிட்டு முடித்த பாத்திரங்களைக் கழுவத் தண்ணீர்கூடத் தேவைப்படாது, நக்கியே பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். ஆகவே சிக்கனம் பிடிப்பதற்கு முதலில் மிச்சம் வேண்டும், மிச்சத்துக்கு முதலில் இட்லி வேண்டும் என்று கணக்குப் போட்டு அவன் வாங்கியதுதான் அந்த அறுபத்திரண்டு.

மறுநாள் காலை நான்கு மிஞ்சியிருந்தன. அடைக்கலமே அவற்றின் மேல் படுத்துத் தூங்கியதால் தப்பியவை. அவற்றை உதிர்த்து உப்புமா கிளறி ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கரண்டி வைத்தான். மதுரவல்லி அதை விழுங்கிவிட்டுக் கிளம்பினாள். வேலைக்குப் போகிற வழியில் தும்பிக்கை பவனில் அவள் இரண்டு வடை சாப்பிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அடுத்து அவனுக்குப் புள்ளிமான் நாகம்மாளின் ஞாபகம் வந்தது. பக்கத்துப் புதரில் குடியிருப்பவள். அவள் வீட்டுப் பிள்ளைகள் எதை வைத்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள். அங்கே மிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அடைக்கலம் பாத்திரத்தோடு போய் நின்றான். கொட்டுகிற இடம் தேடி நடக்க வேண்டாம் என்று நாகம்மாள் சந்தோஷமாக அள்ளிக் கொடுத்தாள். இரண்டு நாள் கரடி வீட்டில் நல்ல சாப்பாடு. உண்டியலிலும் கொஞ்சம் விழுந்தது.

மூன்றாம் நாள் நாகம்மாள், எதற்கண்ணே இது என்று கேட்டாள். ஆற்று மீன்களுக்குப் போடத்தான் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அடைக்கலம் பெருமை பிடித்து, பவளக்கொடியின் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாக ஓட்டிக் காண்பித்தான்.

நான்காம் நாள் பழைய சாதத்துக்கு விலை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசிக்குள் காடு முழுக்கச் சிக்கனம் பரவியது. முயல், உடும்பு, காட்டுப்பன்றி என்று எல்லா வீடுகளிலும் பவளக்கொடியின் குரல் கேட்டது. எல்லோருக்கும் மிச்சம் தேவைப்பட்டது, யார் வீட்டிலும் போதுமான மிச்சம் இல்லை. நாகம்மாள் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் இடம் பிடித்துக் கொடுக்க ஓணான்கள் கூலி கேட்டன. பழைய சாதம் புதிய சாதத்தை விட ஒன்றரை மடங்கு விலை போயிற்று. சுடச்சுட வடித்த சோற்றில் தண்ணீரைத் தெளித்து, விசிறி ஆறவைத்து, நேற்றையது என்று விற்ற ஒரு மரநாய் பிடிபட்டது. அதன் பிறகு, சோறு உண்மையிலேயே ஓர் இரவு தங்கியதுதான் என்று சான்று வேண்டும் என சிங்க ராஜா உத்தரவு போட்டார். இரவெல்லாம் விழித்திருப்பதால் அந்த வேலை ஆந்தைக்குப் போயிற்று. விண்ணப்பம் இரண்டு பிரதி, சோறு ஒரு கைப்பிடி.

அடைக்கலமும் வரிசையில் நின்றான். வேறு வழி தெரியவில்லை. சமையல் என்றாலே மிச்சத்திலிருந்து செய்வது என்று அவன் மனதில் பதிந்துபோயிருந்தது.

கார்த்திகை பிறந்த அன்று மதுரவல்லி உண்டியலை எடுத்துக் குலுக்கினாள். ஒரு சத்தமும் இல்லை. அந்த இரண்டு காசும், பிறகு விழுந்தவையும் வரிசையில் போயிருந்தன. அவள் உண்டியலைச் சாத்திவைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

"இந்த மாசம் மிச்சம் எவ்வளவுங்க?"

"அரைக் குண்டான் இருக்கு வல்லி" என்றான் அடைக்கலம், அடுப்படியைக் காட்டி.

அவள் சிரித்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். "நான் கேட்டது அந்த மிச்சம் இல்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். போகும்போது, கடல் எங்கேயும் ஓடிவிடாது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னதுதான் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. போன வருஷமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அன்று அடைக்கலம் வரிசைக்குப் போகவில்லை. மலிவாகக் கிடந்த புது அரிசியை ஒரு மூட்டை வாங்கி வந்து, தானே உலை வைத்தான். புது அரிசியிலிருந்து என்ன செய்வது என்று பவளக்கொடி எங்கும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே தோன்றியதைச் செய்தான். சோறு அடியில் கருகி, நடுவில் குழைந்து, மேலே அரிசியாகவே இருந்தது. மூன்று நிலைகளையும் ஒரே பானையில் கொண்டுவருவது அனுபவப்பட்டவர்களுக்கே முடியாத காரியம். சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்து ஒருமுறை போட்டான். சந்தேகம் மறுபடியும் வந்தது.

மாலையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூத்தவள் ஒரு வாய் வைத்தாள். அப்புறம் அந்தக் குகையில் எந்தக் கரடியும் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"அப்பா, எனக்குப் பசிக்கல."

இரண்டாமவளுக்கும் பசிக்கவில்லை. சின்னவன் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு, தனக்குத் தூக்கம் வருகிறது என்றான். சூரியன் இன்னும் மறையவில்லை. அடைக்கலம் பிடிவாதமாக இரண்டு கவளம் தின்று பார்த்தான். மூன்றாவது அவன் சொல்பேச்சுக் கேட்கவில்லை. பானை நிறையச் சோறும் சட்டி நிறையச் சாம்பாரும் அப்படியே இருந்தன. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்கலாமா, பானையை ஆற்றில் வீசிவிட்டு வரலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

மதுரவல்லி பானைக்குள் எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். எடை போடுகிறவள் பார்வை அது.

"ஏங்க," என்றாள், "இது மிச்சம்."

மறுநாள் காலை ஆந்தை வந்து ஒரு கைப்பிடி எடுத்து வாயில் போட்டது. கண்ணை மூடித் திறந்தது. வேறு சோதனையே தேவையில்லை என்று சொல்லி, நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் தேடிப் பறந்தது. யாரோ உண்மையாகவே தின்னாமல் விட்ட சோறு, கலப்படமில்லாத மிச்சம் என்று செய்தி பரவி, பத்து மணிக்குள் பானை காலி. வாங்கிக்கொண்டு போனவர்கள் வெங்காயமும் மிளகாயும் அள்ளிப் போட்டுத் தாளித்ததில், அதன் பழைய சரித்திரம் யாருக்கும் தெரியவில்லை.

தும்பிக்கை பவனில் யானை முதலாளி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சூடான சாப்பாட்டை வாங்க ஆளில்லை. ஒரு சாப்பாடு வாங்கினால் இரண்டு இலவசம் என்று பலகை தொங்கவிட்டிருந்தார். கரடிக் குடும்பம் மூன்று வேளையும் அங்கே போய் உட்கார்ந்து, இரண்டு கூட்டு, அப்பளம், பாயசத்தோடு சாப்பிட்டு வந்தது. காட்டிலேயே புதுச் சோறு தின்றது அவர்கள் ஒரு குடும்பம்தான். அந்த நாட்களில் அடைக்கலம் தினமும் விற்பதற்கென்றே வீட்டில் சமைத்தான், எல்லாப் பானைகளும் நக்கப்படாமல் இருந்தன. வியாபாரம் ஒழுங்காக நடந்தது.

நடுவில் ஒரே ஒரு நாள் தடுமாறிற்று. கை பழகிவிட்டதால் அடைக்கலத்துக்குத் தெரியாமலேயே ரசம் நன்றாக அமைந்துவிட்டது. வாசனை பிடித்துக் குட்டிகள் வந்து சட்டியைத் துடைத்துவிட்டன. வெறுங்கையோடு திரும்பிய வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். அன்று மாலை மதுரவல்லி கணவனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கதான் பாத்துச் சமைக்கணும்."

அவன் இனிமேல் கவனமாக இருப்பதாகச் சொன்னான். மறுநாள் கவனமாகவே இருந்தான். ஆந்தை விடுப்பு எடுத்துக்கொண்டது.

மார்கழிக் கடைசியில் மதுரவல்லி உண்டியலைக் குலுக்கினாள். இந்த முறையும் சத்தம் வரவில்லை. அடைக்கலம் பயந்து எழுந்து வந்தான். அவள் மறுபடியும் குலுக்கிவிட்டு, அவன் கையில் கொடுத்தாள். அவனால் ஒரு கையால் தூக்க முடியவில்லை. நிறைந்துவிட்டால் உள்ளே ஆட இடமிருக்காது.

தை மாதம் ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு மதுரவல்லி கடலைப் பார்த்தாள். முழங்கால் அளவு இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, இதைச் சமைத்தது யாரென்று தெரிகிறது என்றாள். ஐந்து பேரும் கரையில் ஒரு கடையில் சூடாக இட்லி வாங்கிச் சாப்பிட்டார்கள். எதுவும் மிச்சமாகவில்லை.

நீதி: குடும்பச் செலவைக் குறைக்க வேண்டுமானால் தினமும் வீட்டிலேயே சமையுங்கள், ஆனால் எக்காரணம் கொண்டும் அதை வீட்டில் சாப்பிடாதீர்கள்.