லெப்பை வந்திருக்கிறார்

தேனீக்களுக்கு உட்கார வேறு இடமே கிடைக்கவில்லையா? பினாங்கு ஜெலுத்தோங்கில் மரத்துக்கா பஞ்சம்? சிக்கந்தரின் கூட்டிலிருந்து பிரிந்து கிளம்பிய கூட்டம், அத்தனை தென்னையையும் மாவையும் விட்டுவிட்டு, மளிகைக் கடை அப்துல் அஜீஸ் முதலாளி வீட்டு வாசல் ரம்புத்தான் மரத்தில் போய், ஆள் தலைக்கு ஒரு முழம் மேலே, பலாக்காய் பருமனுக்குத் தொங்கியது.

எதிர் வேலியோரம் காலிப் பெட்டியோடு நின்று சிக்கந்தர் வியர்த்தான். நாட்டு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவன். கொல்லையில் தென்னைமரத் துண்டைக் குடைந்து இரண்டு தேன்கூடு வைத்திருந்தான். ஒன்றை மெழுகுப்பூச்சி தின்று தீர்த்துவிட்டது. மற்றதில் பூக்காலம் வந்து ஈக்கள் பெருகி, இடம் நெருக்கடியாகி, பழைய ராணி பாதிக் கூட்டத்தை அழைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். புது ராணிக்கு அறை கட்டியிருப்பதைப் போன வாரமே பார்த்தவன்தான். நாளைக்கு வெட்டிவிடலாம், நாளைக்கு வெட்டிவிடலாம் என்று விட்டது அவன் குற்றம். எல்லாக் காரியத்திலும் அவன் அப்படித்தான்.

ஈ போனால் போகட்டும். அவன் பயம் வேறு. அந்த வீட்டு மகள் நூர்ஜானை அவன் பெண் கேட்டிருந்தான்.

"பெரியவங்க இல்லாம தனியா வந்து பொண்ணு கேக்குறதா? பினாங்குல உனக்குச் சொந்தம் இல்லேன்னா ஒரு லெப்பையையாவது கூட்டிக்கிட்டு வா, பேசுவோம்" என்று முதலாளி சொல்லி ஆறு மாதம் ஆகிறது. நிக்காஹ் ஓதவும் மையித்து அடக்கவும் ஊருக்குப் பள்ளிவாசல் லெப்பைதான். சிக்கந்தரும் வாராவாரம் அவரிடம் போவான். வாயைத் திறந்தால் கல்யாணப் பேச்சு வராது, இருமல்தான் வரும். மருந்துக் கடைக்காரனுக்கு லெப்பை கஷாயம் சொல்லி அனுப்பி வைப்பார்.

இந்த லட்சணத்தில் அவன் வளர்த்த ஈ முதலாளி வீட்டு ஆட்கள் யாரையாவது கொட்டி வைத்தால் சம்பந்தம் அத்தோடு சரி. முதலாளி கடையிலிருந்து வருவதற்குள் கூட்டத்தை இறக்கிவிட வேண்டும். பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டு வாசலில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கவும் முடியாது. பக்கத்து வீட்டு மலாய்க்காரி காமாரியாவைக் கூப்பிட்டான். தெருவுக்கே அவள் மக்சிக், அதாவது அத்தை. தமிழ் அரைகுறையாக வரும்.

"மக்சிக், உள்ள போய்ச் சொல்லுங்க. லெபா வந்திருக்கு, நான் பாத்துக்கிறேன், யாரும் வெளிய வர வேணாம்."

மலாயில் லெபா என்றால் தேனீ. காமாரியாவுக்குப் புரியட்டும் என்று அந்தச் சொல்லைப் போட்டான். வினை அங்கேதான் பிடித்தது.

காமாரியா வாசலில் நின்று மலாயில் மளமளவென்று சொன்னாள். நாகூரிலிருந்து வந்து ஒன்றரை வருஷமே ஆன நூர்ஜான், திரைக்குப் பின்னால் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

"உம்மா, சிக்கந்தர் சொல்லி அனுப்பியிருக்காக. லெப்பை வந்திருக்காராம்."

ஹபீபா பீவி கையிலிருந்த அகப்பையைப் போட்டார். "வந்துட்டாரா! ஆறு மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் அந்தப் புள்ளைக்குப் புத்தி வந்துச்சா? வாப்பாவுக்கு ஆள் அனுப்பு. நெய்ச்சோத்துக்கு அரிசி எடு. என்ன வேணும்னு கேட்டு வரச் சொல்லு!"

காமாரியா வந்து கேட்டாள். சிக்கந்தருக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. இவ்வளவு நல்ல மனிதர்களுக்கா பயந்தோம்?

"புதுசா ஒரு வெள்ளைத் துணி, கீழ விரிக்க. கொஞ்சம் சாம்பிராணி. சர்க்கரைத் தண்ணி ஒரு கிண்ணம்."

ஈக் கூட்டம் இறக்குகிற எவனும் கேட்பதுதான். உள்ளே ஹபீபா பீவி உருகிவிட்டார். "பாத்தியா, முறை தெரிஞ்ச புள்ளை! ஓதறதுக்கு என்ன வேணும்னு எப்படி எடுத்துச் சொல்லுது!"

அரைமணியில் முதலாளி ரிக்‌ஷாவில் வந்தார். கடை அழுக்குச் சட்டையோடு லெப்பை முன் நிற்பதா என்று பின்சந்தில் இறங்கி, சட்டை மாற்றி, அத்தர் பூசி, முன் சன்னலைத் திறந்தார். மரம் சுவருக்கு மறைவில் இருந்தது. எதிரே சிக்கந்தர் தலை மட்டும் தெரிந்தது.

"சிக்கந்தரு! ஏம்ப்பா லெப்பையை வெயில்ல நிக்க வச்சிருக்கே? உள்ள கூட்டிக்கிட்டு வா!"

முதலாளியின் நாகூர் நாக்கில் லெபா இப்படித்தான் வரும்போல என்று சிக்கந்தர் நினைத்துக்கொண்டான். "உள்ளயா? ஐயோ வேணாம் மொதலாளி. வீட்டுக்குள்ள வந்துட்டா அப்புறம் கெளப்பவே முடியாது."

"சேச்சே, என்ன பேச்சு! சோறு ஆக்குறோம்லா."

"அது இனிமே சாப்பிடாது. காலையிலேயே வயிறு நெறைய குடிச்சுட்டுத்தான் கெளம்பிச்சு. இப்ப அசையாம கெடக்கு."

அதுவா? லெப்பையை அது இது என்கிறானே என்று முதலாளிக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடிதான் அந்தக் கடைசி வார்த்தை உறைத்தது.

"அசையாம கெடக்குன்னா?"

"பயப்படாதீங்க. வெள்ளைத் துணியை விரிச்சு, சாம்பிராணி போட்டு, பொட்டியில எறக்கி நானே தூக்கிட்டுப் போயிடறேன். சத்தம் மட்டும் யாரும் போட வேணாம்."

வெள்ளைத் துணி. சாம்பிராணி. பெட்டி. முதலாளி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார்.

"ஹபீபா! மோசம் போயிட்டோம்! லெப்பை நம்ம வாசல்ல மவுத்தாயிட்டாரு!"

ஹபீபா பீவி வைத்த ஒப்பாரியில் தெருவே எழுந்தது. யாரோ சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் பறந்தார்கள். ரம்புத்தான் மரத்தில் ஈக்கள் இரைய ஆரம்பித்தன. சிக்கந்தர் பதறிப்போய், "அழாதீங்க! சத்தம் போடாதீங்க!" என்று கையை ஆட்டினான்.

"மவுத்து வீட்டுல அழக் கூடாதா? நீ மனுசனா?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி வெள்ளைத் துணியோடு வெளியே ஓடி வந்து தரையெல்லாம் தேடினார். "எங்கேப்பா? எங்கே?"

"மேல, மொதலாளி, மேல!"

"மேலதான் போயிட்டாருன்னு தெரியுதேப்பா! உடம்பு எங்கேங்கறேன்!"

சிக்கந்தர் விரலால் காட்டினான். முதலாளி அண்ணாந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் அலறி, கையிலிருந்த துணியை மேலே விசிறினார். துணி கிளையில் பட்டது. கூட்டம் கழன்றது. ஆயுளில் முதல் தடவையாக நாளைக்கு என்று சொல்லாமல் சிக்கந்தர் பாய்ந்து பெட்டியை நீட்டினான். கூட்டம் பொத்தென்று உள்ளே விழுந்தது. ராணியும் விழுந்திருக்க வேண்டும். சிதறிய ஈக்களும் தாமாகப் பெட்டிக்குள் இறங்கின.

ஒரே ஒரு ஈ மட்டும் இறங்கவில்லை. அது முதலாளியின் மூக்கு நுனியில் கொட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு லெப்பை மூச்சிரைக்க வந்தார். "யாருப்பா மவுத்து?"

முதலாளி மூக்கைப் பொத்தியபடி சொன்னார். "நீங்கதான்."

விஷயம் விளங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. லெபாவுக்கும் லெப்பைக்கும் வித்தியாசம் தெரிந்தபோது முதலாளியின் மூக்கு கத்தரிக்காய் ஆகியிருந்தது. "ஈயை ஏவி விடுறவனுக்கா என் மக? இனி இந்தத் தெருப் பக்கம் தலை காட்டாதே!"

சிக்கந்தருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகப் பேச ஆளில்லீங்க" என்றான். அவ்வளவுதான் வந்தது. அப்புறம் இருமல்.

லெப்பை அவனை உற்றுப் பார்த்தார். "அடப்பாவி, வாராவாரம் இருமினியே, இதுக்குத்தானா?" என்று சிரித்துவிட்டு முதலாளி பக்கம் திரும்பினார். "அஜீஸு, லெப்பையோட வந்தா பேசலாம்னு வாக்குக் குடுத்தியாமே. இவன் வந்திருக்கான். நானும் உசுரோட நிக்கிறேன். உள்ள நெய்ச்சோறு ஆறுது. என்ன சொல்றே?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி என்னதான் சொல்வார்? மூக்கைப் பிடித்துக்கொண்டே தலையாட்டினார். மகளைக் கேட்டு வந்த ஹபீபா பீவி, "வாப்பா இஷ்டம்ங்கிறா" என்றார். பிறை பார்த்ததும் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள்.

சாயங்காலம் பெட்டியை வீட்டில் இறக்கிவிட்டு, சிக்கந்தர் வேலியோரம் நின்ற காமாரியாவிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னான். "நூர்ஜானுக்கு மலாய் தெரியாதது என் அதிர்ஷ்டம் மக்சிக். லெபான்னதை லெப்பைன்னு எடுத்துக்கிச்சு, பாவம். கல்யாணம் ஆகட்டும், நானே மலாய் கத்துக் குடுத்துடறேன்."

காமாரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீ கத்துக் குடுக்கிறதா? அலோர் ஸ்டார்ல இருக்கிற என் மகனுக்கு மாசாமாசம் மலாயில கடுதாசி எழுதிக் குடுக்கிறது அந்தப் பொண்ணுதான்லா!"