டி டிரைவில் என் கல்யாணம்

என் கல்யாணத்தை அழித்துவிடுவது என்று போன புதன்கிழமை காலை ஏழேகாலுக்கு முடிவெடுத்தேன்.

பதறவேண்டாம். கல்யாணத்தை அல்ல, அதன் வீடியோவை. கல்யாணம் அதுபாட்டுக்கு இருபத்தாறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருமுறைகூட ஹேங் ஆனதில்லை. அடிக்கடி சூடாகும், அவ்வளவுதான்.

அந்த வீடியோ ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஓடும். அதில் ரெண்டு மணி முப்பத்தொன்பது நிமிஷம் நாற்பத்தொன்பது விநாடியைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மிச்சமிருக்கும் பதினோரு விநாடிதான் தகராறு. மறுநாள் அதிகாலை முகூர்த்தம் என்று தெரிந்தும் மாப்பிள்ளை அழைப்புக் கார் பாதி வழியில் நின்றது. அதை ஊர்வரைக்கும் தள்ளிய ஆறு பேரில் மாப்பிள்ளையும் ஒருவன். விளைவு, மணவறையில் உட்கார்ந்த நான் ஐயரின் தோளில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டேன். பதினோரே விநாடி. வீடியோக்காரர் கலைஞர். என் திறந்த வாயைச் சுற்றி வட்டமாக ரோஜாப்பூ பூக்கவிட்டிருந்தார். அப்போது அது புது கிராபிக்ஸ்.

என் மனைவி அமுதவல்லிக்கு அந்த வீடியோ உயிர். யார் வந்தாலும் போடுவாள். காபி, மிக்சர், பதினோரு விநாடி என்பதுதான் எங்கள் வீட்டு உபசரிப்பு வரிசை. கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூடப் பார்த்திருக்கிறார். கேசட் பூஞ்சணம் பிடித்துவிட்டது, சி.டி. கீறிவிட்டது. மிஞ்சியிருப்பது கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே ஒரு ஃபைல்.

இத்தனை வருஷம் பொறுத்தவன் இப்போது ஏன் பொங்கினேன் என்றால், சம்பந்தி வருகிறார்.

எங்கள் மகள் தேவிப்ரியாவுக்கு வரன் அமைந்திருக்கிறது. பையன் திருமுருகன் தங்கமானவன். அவன் அப்பா பெரியண்ணன்தான் கொஞ்சம் இரும்பு. திருக்கோகர்ணத்துக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் சந்திப்பிலேயே, "பார்டர்ல ஒரு செகண்டு கண்ணசந்தா ஆளு காலி சம்பந்தி" என்றார். நான் ஆலங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். என் பார்டர் பியூரெட்டும் பிப்பெட்டும்தான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "நானும் அப்படித்தாங்க. கடமை நேரத்துல ஒரு செகண்டு கண்ணசந்ததில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரெண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. அந்தக் குலுக்கலில்தான் சம்பந்தமே உறுதியானது என்பது என் நம்பிக்கை.

அப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமை கல்யாணத் தேதி குறிக்க வருகிறார். புதன்கிழமை காலை அமுதவல்லி அறிவித்தாள்.

"ஏங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றப்ப நம்ம கல்யாண வீடியோவப் போட்டுக் காட்டணும். டிவியில மாட்டிப் பெருசாப் போடுவோம்."

என் வாய் நாற்பத்து மூன்று அங்குல டிவியில்! ரோஜாப்பூக்கள் எல்லாம் தாமரை அளவுக்கு வரும்.

நேரடியாக அழித்தால் மாட்டிக்கொள்வேன். விபத்தாக இருக்கவேண்டும். நல்லவேளை, கம்ப்யூட்டரே உதவிக்கு வந்தது. பழைய விண்டோஸுக்குக் காலம் முடிந்தது, புதுசுக்கு மாறு என்று அது கொஞ்ச நாளாகவே கெஞ்சிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஜெபக்குமார் ஆலங்குடியில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவரிடம் புது ஓ.எஸ். ஏற்றிய பென் டிரைவ் வாங்கினேன். யூடியூபில் ஒருவர் விளக்கியதை டைரியில் எழுதி மனப்பாடம் செய்தேன். பிறகு மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"இங்க பாரு அமுதா. ஓ.எஸ். இருக்குறது சி டிரைவ். நம்ம டாக்குமென்ட்ஸ், போட்டோ, வீடியோ எல்லாம் யூசர் ஃபோல்டர். அதுவும் சி-யிலதான் குடியிருக்கு. நாளைக்கு ஓ.எஸ். படுத்துருச்சுன்னா நம்ம பொருளும் சேர்ந்து படுத்துரும். அதனால யூசர் ஃபோல்டர டி டிரைவுக்கு மாத்திட்டு, அப்பறம் சி-யத் தொடச்சு..."

"வெள்ளையடிக்கிறப்ப வீட்டுச் சாமானயெல்லாம் மாட்டுக் கொட்டகைக்கு ஏத்துவோமே, அதானே?"

நான் இருபது நிமிஷத்துக்குத் தயாரித்திருந்த விளக்கம் ஒரே வரியில் முடிந்துபோனது. கொஞ்சம் வலித்தது.

"அதேதான். ஆனா திரும்பக் கொண்டாற மாட்டோம். சாமான் கொட்டகையிலயே இருக்கும்."

"ஆனா ஒண்ணுங்க. ஒவ்வொரு வாட்டி வெள்ளையடிக்கிறப்பயும் ஏதாவது ஒரு சாமான் காணாமப் போயிருது. போன வாட்டி இட்லிக் கொப்பரை மூடி."

"இதுலயும் அப்படி ஆக வாய்ப்பிருக்கு" என்றேன், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு. "எதுக்கும் மனசத் தயாரா வச்சுக்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக "சரிங்க" வந்தபோதே நான் சுதாரித்திருக்கவேண்டும்.

வியாழக்கிழமை லீவு போட்டேன். காலையிலிருந்து ஃபோல்டர் ஃபோல்டராக டி-க்கு ஏற்றினேன். அமுதவல்லியின் ஆரி வேலை டிசைன்கள், தேவியின் மார்க்‌ஷீட், நாங்கள் மீமிசல் கடற்கரையில் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் போட்டோக்கள், எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் சி டிரைவில் தனியாக நின்றது ஒரே ஒரு ஃபைல். கல்யாணம்.

துடைப்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போட்டேன். அங்கேதான் சறுக்கினேன்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் எட்டாவது விநாடியில் நான் சாய்கிறேன். வாய் திறக்கிறது. ரோஜா பூக்கிறது. பதினோரு விநாடி முடிந்து நான் திடுக்கிட்டு விழிக்க, பன்னிரண்டாவது விநாடியில் அமுதவல்லி திரும்பிப் பார்க்கிறாள். இருபத்திரண்டு வயசு. முகூர்த்தத்தில் பெண் சிரிக்கக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருப்பார்கள் போலிருக்கிறது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்க்கிறாள். முடியவில்லை. தலை குனிந்து, தோள் குலுங்க, சத்தமில்லாமல் ஒரு சிரிப்பு. அப்புறம் முழங்கையால் என்னை ஒரு இடி. அந்தச் சிரிப்பு வேறு எந்த போட்டோவிலும் இல்லை. இதுநாள்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் நான் அதைச் சரியாகப் பார்த்ததேயில்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என்னால் அழிக்க முடியவில்லை.

ஆகவே திட்டத்தில் சின்னத் திருத்தம். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டேன். 'ஆய்வகப் பொருள் இருப்புப் பட்டியல் 2011' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரைப் பார்த்து எங்கள் தலைமையாசிரியரே திறக்கமாட்டார். உள்ளே கல்யாணத்தைப் போட்டு மூடினேன். அப்புறம் தைரியமாக சி-யைத் துடைத்தேன்.

புது ஓ.எஸ். ஏறியது. இனி டாக்குமென்ட்ஸ் இங்கே இருக்கிறது, வீடியோஸ் இங்கே இருக்கிறது என்று அதற்கு டி டிரைவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வலது பக்கம் அமுக்கி, ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். யூடியூப்காரர் "இந்த இடத்துல ஒரு முக்கியமான விஷயம்" என்று ஆரம்பித்தார்.

"ஏங்க, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்க, நாலு தேங்கா உரிக்கணும்!"

உரித்துவிட்டு வந்தேன். அந்த முக்கியமான விஷயம் முடிந்திருந்தது. டாக்குமென்ட்ஸுக்கும் மற்றதுக்கும் டி-யில் அதனதன் ஃபோல்டரைக் காட்டினேன். வீடியோஸுக்குக் கை அசதியில் மொத்த டி டிரைவையே காட்டிவிட்டு ஓகே கொடுத்துவிட்டேன். கொட்டகையில் ஒரு மூலையைக் காட்டுவதற்குப் பதிலாகக் கொட்டகைச் சாவியையே கொடுத்த மாதிரி. இது எனக்கு அப்போது தெரியாது.

சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"அமுதா, எல்லாம் வந்துருச்சு. ஒண்ணே ஒண்ணுதான் வரல. நம்ம கல்யாண வீடியோ."

ஆறுதல் சொல்லத் தோளைத் தயாராக வைத்திருந்தேன். அவள் சட்டினிக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாள்.

"போனாப் போகுது. நீங்க என்ன வேணும்னா பண்ணீங்க?"

எனக்குச் சந்தோஷத்தில் தோசை ரெண்டு கூடுதலாக இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்பே பெரியண்ணன் வந்தார். விறைப்பாக உட்கார்ந்தார். காபி வந்தது. மிக்சர் வந்தது. அவர் மனைவி பிரகதாம்பாள், "சம்பந்தியம்மா, ஒங்க கல்யாண வீடியோ இருந்தா போடுங்களேன். தேவி ஒங்க சாயலான்னு பாக்கணும்" என்றார்.

"அத ஏங்க கேக்குறீங்க. இவரு புதுசா ஓ.எஸ். போட்டாரு. யூசர் ஃபோல்டரயெல்லாம் அங்கிட்டு மாத்துனாரு. அதுல அது மட்டும் வழியில எங்கயோ எறங்கிப் போயிருச்சு."

"டெக்னிக்கலா அப்படி ஆகும்ங்க" என்றேன் கம்பீரமாக.

"பரவால்ல விடுங்க" என்றாள் அமுதவல்லி. "நான் வாயாலயே சொல்லிர்றேன். எங்க கல்யாணத்துல இவரு மணவறையிலயே தூங்கிட்டாரு."

பெரியண்ணனின் காபி பாதி வழியில் நின்றது. "தூங்கிட்டாரா?"

"அரை மணி நேரம்."

எனக்குப் புரையேறியது.

"ஐயர் மந்திரத்தையே நிறுத்திட்டாரு. நாதஸ்வரக்காரரு பக்கத்துல வந்து காதுல ஊதிப் பாத்தாரு. ம்ஹூம்."

"அமுதா..."

"எங்கண்ணன் ஒரு சொம்புத் தண்ணிய மூஞ்சில அடிச்சாரு. இவரு தொடச்சுட்டு அங்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டாரு. கடைசில நாலு பேரு தூக்கிப் புடிச்சுத்தான் தாலியக் கட்ட வச்சோம்."

"அடி ஆத்தி!" பிரகதாம்பாள் கன்னத்தில் கை வைத்தார். "அப்ப கல்யாணம் ஆயிருச்சுன்னு இவருக்கு எப்பத்தான் தெரிஞ்சுச்சு?"

"பந்தியிலதான்."

பெரியண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "கடமை நேரத்துல ஒரு செகண்டு கண்ணசந்ததில்லன்னு சொன்னீங்களே சம்பந்தி? அரை மணி நேரம்னா அதுக்குப் பேரு கண்ணசர்றது இல்ல. அது லீவு."

தேவியின் கல்யாணமே என் கண்முன் ஆட்டம் கண்டது. நான் துள்ளி எழுந்தேன்.

"பொய்யிங்க! அரை மணி நேரமெல்லாம் இல்ல. பதினோரு செகண்டுதான்! தண்ணி அடிக்கல, யாரும் தூக்கல!"

"ஆதாரம் இருக்கா?"

"இருக்கு!"

சொன்னது என் வாய்தான். ரோஜாப்பூ பூத்த அதே வாய்.

"இருக்கா?" என்று கண்ணை அகல விரித்தாள் அமுதவல்லி. "எங்கங்க?"

இனி பின்வாங்க வழியில்லை. நானே கேபிளை எடுத்து டிவியில் மாட்டினேன். நானே டி டிரைவைத் திறந்தேன். நானே 'ஆய்வகப் பொருள் இருப்புப் பட்டியல் 2011'-ஐத் திறந்தேன். தேடாமல் தடவாமல் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம் எட்டாவது விநாடிக்குப் போனேன். நாற்பத்து மூன்று அங்குலத்தில் என் வாய் திறந்தது.

"நல்லா எண்ணிக்கங்க!" என்று கத்தினேன்.

பெரியண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்து உரக்க எண்ணினார். பதினொன்றில் நிறுத்தினார். பன்னிரண்டாவது விநாடியில் அமுதவல்லி டிவியில் தோள் குலுங்கிச் சிரித்தாள். அந்த வேகத்தில் கூடமே சிரித்தது. இரும்பு சுபேதார் சோபாவில் சரிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"பதினொண்ணு. கரெக்ட். ஆதாரத்தோட பேசுறீங்க சம்பந்தி, பிடிச்சிருக்கு. எங்க, இன்னொரு வாட்டி போடுங்க."

மூன்று வாட்டி போட்டேன். அப்புறம் தேதி குறித்தோம். அதிகாலை ஒரு முகூர்த்தம், பத்தரைக்கு ஒரு முகூர்த்தம் என்று ரெண்டு இருந்தது. பெரியண்ணன் யோசிக்கவேயில்லை. "பத்தரையே இருக்கட்டும். பொண்ணோட அப்பா முழிச்சிருக்கணும்ல?"

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தேன். அமுதவல்லி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஃபைல் இருக்குன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழமையே. வீடியோஸத் தொறந்தா டி டிரைவ் மொத்தமும் வந்து நிக்கிது. அதுல முதல்ல நிக்கிறது ஒங்க இருப்புப் பட்டியல். ஏங்க, பத்து பிப்பெட்டுக்கும் எட்டு பீக்கருக்கும் நாலு ஜி.பி.யா ஆகும்?"

"அப்ப நீயே போட்டிருக்கலாம்ல? எதுக்கு அரை மணி நேரம், சொம்புத் தண்ணின்னு அத்தனை புளுகு?"

"நான் போட்டா, சம்பந்தி முன்னால மானத்த வாங்கிட்டேன்னு ஒரு வருஷம் சொல்லிக் காட்டுவீங்க. இப்ப நீங்களாத்தானே போட்டீங்க. அதுவும் மூணு வாட்டி."

மிச்சமிருந்த மரியாதையைத் திரட்டி நிமிர்ந்து நின்றேன்.

"ஒண்ணு தெரிஞ்சுக்க அமுதா. நெனச்சிருந்தா நான் அத அழிச்சிருப்பேன். ஒரே ஒரு க்ளிக்தான்."

அவள் திரும்பினாள். உதட்டைக் கடித்தாள். அதே சிரிப்பு.

"அந்தத் தைரியம் உள்ள ஆளு, அன்னைக்கு மணவறையிலயே முழிச்சிருந்து, எந்திரிச்சு ஓடியிருப்பாருங்க."