பீரங்கிக்கு வெல்டிங்

எனக்கு இங்கிலீஷ் தெரியாமலே இருந்திருந்தால் குவைத்தில் ஒரு பீரங்கி பிழைத்திருக்கும். (டிப்ளமா படித்தவன் என்ற கர்வம் வேறு.)

போர் முடிந்த புதிதில் அங்கே ஒரு பழைய இரும்பு யார்டில் கேஸ் கட்டராக இருந்தேன். இராக் ராணுவம் பாலைவனத்தில் விட்டு ஓடிய தளவாடங்கள், குண்டுகள் அகற்றப்பட்ட பிறகு எங்களிடம் வரும். அப்படி வந்ததுதான் அந்த சோவியத் பீரங்கி. லாரியில் கட்டி இழுத்துப் போய், பின்கால்கள் இரண்டையும் அகட்டி ஊன்றிச் சுட்டால் இருபத்தேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவன் வீடு இருக்காது. “இதை வெட்ட வேண்டாம், என் பண்ணை வாசலில் நிறுத்தப் போகிறேன்” என்று சொல்லியிருந்தார் எங்கள் கஃபீல், யார்டு முதலாளி. எங்கள் விசா அவர் கையில். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த மாதம் எனக்கு லீவு, ஊரில் கல்யாணம். பெண் வீட்டார் சம்மதித்தது என்னைப் பார்த்து அல்ல, குவைத்தைப் பார்த்து. வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

அன்று காலை ஃபோர்மேன் சாகுல் பாய் (அதிராம்பட்டினத்துக்காரர்) வெளியே கிளம்பும்போது சொன்னார்.

“தம்பி, அந்தப் பேரல ரெண்டா அறுத்து வச்சிரு. பண்ணைக்குப் போவணும். கஃபீல் மத்தியானம் வர்றாரு.”

தார் பேரல், தண்ணீர் பேரல் என்று பேசிப் பழகிய எவனும் பக்கத்தில் நின்ற டிரம்மைத்தான் பார்த்திருப்பான். நான் பீரங்கியைப் பார்த்தேன். அதன் குழாய்க்கு இங்கிலீஷில் பேரல் என்று பெயர் என முந்தின வாரம்தான் ரூமில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்திருந்தேன். கஃபீல் மனசு மாறிவிட்டார் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மணி நேர வேலை. வெட்டு அவ்வளவு சுத்தம்.

திரும்பி வந்த சாகுல் பாய், கீழே கிடந்த குழாயையும் முழுசாக நின்ற டிரம்மையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னப்பா இது?”

“பேரல், பாய்.”

“ஆடு இதுலயா தண்ணி குடிக்கும்?”

ஊரில் பத்திரிகை அடித்தாகிவிட்டது. கிரேன் தூக்கிப் பிடிக்க, அவசர அவசரமாக வெல்டிங் வைத்தேன். மேலே பெயிண்டும் பூசினோம். ஆனால் ஒட்டிய இடத்திலிருந்து குழாய் கீழ்நோக்கித் தொங்கியது.

கஃபீல் வந்து அதை ஒரு சுற்றுச் சுற்றினார். பாய் எதையும் மறைக்காமல் அரபியில் சொன்னார். கஃபீல் தொங்கிய குழாயைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

“என்ன பாய் சொல்றாரு?”

“இத இழுத்துக்கிட்டுத்தான் எங்க ஊருக்குள்ள வந்தானுவ, இனிமே தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே நிக்கட்டுங்கிறாரு. ஒன்னயக் கல்யாணத்துக்குப் போய்ட்டு வரச் சொல்றாரு. போறதுக்கு முன்னாடி ஆட்டுக்குப் பேரல அறுத்துட்டுப் போவணுமாம்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன். மாப்பிள்ளைக்கு இவ்வளவு வெட்கமா என்று பார்ப்பவர்கள் கேட்டால், என் மனைவி இன்றைக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறாள்.

“வெக்கமெல்லாம் இல்லீங்க. வெல்டிங் சரியில்ல.”