கட்டக்கலுவுக்குக் கிடைத்த சான்றிதழ்

இயற்கையைக் காட்டில் காப்பாற்றியவர்கள் உலகத்தில் பலர் உண்டு. இயற்கையைப் படிவத்தில் காப்பாற்றிய பெருமை நிவித்திகலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கே உரியது. அந்தப் படிவங்களை நிரப்பிய கை என்னுடையது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். பெயர் சிறில். தோட்டத்து ஆபிசில் கிளாக்கர்.

தேயிலை மலைக்கு மேலே, காட்டு ஓரத்தில் எங்கள் பீலி இருக்கிறது. ஊற்றுத் தண்ணீர் ஒரு சிறிய தொட்டியில் விழுந்து, அங்கிருந்து குழாய் வழியாகத் தொழிலாளர் லயத்து நாற்பத்திரண்டு வீடுகளுக்கும் வருகிறது. தொட்டியைச் சுற்றி ‘கட்டக்கலு’ என்று ஒரு செடி மண்டும். சிங்களத்தில் ‘வாய் கறுப்பு’ என்று வைத்த பெயர். பழத்தைத் தின்றால் வாய் கறுத்துப் போகும். எந்தக் காலத்திலோ கடல் தாண்டி வந்தது. அது நின்ற இடத்தில் வேறு செடி முளைக்காது. சருகும் வேரும் போய்க் குழாய் வாயை அடைத்துக்கொள்ளும்.

ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஓர் ஆள் சுரண்டியும் கத்தியுமாகப் போய் அதை வேரோடு பிடுங்குவார்கள். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். ஊற்றடியில் கன்னிமார் கல்லுக்குச் சூடம். வேதக்காரர்களான எங்கள் வீட்டுப் பங்குக்கு ஒரு மெழுகுவர்த்தி. காட்டு மரத்தில் ஒரு கிளையைக்கூட யாரும் தொடமாட்டார்கள். கூட்டம் இல்லை, பேனர் இல்லை, நன்றியுரை இல்லை. எவ்வளவு பின்தங்கிய நிலை என்று பாருங்கள்.

இந்த இருளை நீக்கக் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கியது ‘அந்நியத் தாவர ஒழிப்பும் பூர்வீகக் குடிகளின் பங்களிப்பும் சார்ந்த ஒருங்கிணைப்புக் குழு’. இணைப்பாளர் திரு. கஜேந்திரன் மிக நல்ல மனிதர். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் சொந்தமாகக் கொண்டுவந்திருந்தார். முதல் கூட்டத்திலேயே என்னைச் செயலாளர் ஆக்கினார்.

“செடியைப் பிடுங்குவது பெரிய விஷயமில்லை, சிறில். யார் பிடுங்குகிறார்கள் என்பதுதான் விஷயம். பூர்வீகக் குடிகள் பிடுங்க வேணும். திட்டத்தில் அப்படித்தான் இருக்கு.”

“இங்க உள்ள சனந்தான் மாசா மாசம் பிடுங்குது, சேர்.”

“அவங்க பூர்வீகமா?”

நான் யோசித்தேன். அவர் படிவத்தின் நான்காவது நிரலைக் காட்டினார். ‘இவ்விடத்தைச் சேர்ந்தவரா? ஆம் / இல்லை.’

“எப்ப வந்தவங்க?”

“நூத்தம்பது வருசம் இருக்கும், சேர். கூடவும் இருக்கலாம்.”

“வந்தவங்கதானே?” என்றார் மிகுந்த அன்போடு. “அப்ப ‘இல்லை’ போடுங்க.”

போட்டேன். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நாற்பத்திரண்டு ‘இல்லை’. பதினேழாவது படிவம் லயத்தில் இருக்கும் என் அம்மா மரியாயியுடையது. அதில் கையெழுத்து விசேஷமாக அழகாக வந்திருந்தது.

மறுவாரம் பீலிக்குப் போகும் பாதையில் மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். ‘பாதுகாக்கப்பட்ட வலயம். பூர்வீகக் குடிகளுக்கும் இவ்விடத்துத் தாவரங்களுக்கும் மட்டும் அனுமதி.’ எங்கள் ஆட்கள் பலகைக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த ஞாயிறு யாரும் ஏறவில்லை.

பிறகு குழு பூர்வீகக் குடிகளைத் தேடத் தொடங்கியது. பெல்மதுளையில் ஒரு ஹோட்டலில் தேடியது. இரத்தினபுரியில் இதைவிட நல்ல ஹோட்டலில் தேடியது. மூன்று மாதம் தேடியும் ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. இந்தக் கூட்டங்கள் எதற்கும் வராத கட்டக்கலு, அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

தோட்டத்தில் நடந்த இரண்டாவது கூட்டத்தில் திரு. கஜேந்திரன் கவலையோடு இருந்தார். அறிக்கை கொடுக்க வேண்டிய திகதி நெருங்கிவிட்டது. ஒரு செடிகூட ஒழியவில்லை.

“இந்தச் செடி வந்து எவ்வளவு காலம்?”

“நூறு வருசத்துக்கு மேல இருக்கும்னு பேசிக்கிறாங்க, சேர்.”

அவர் முகம் மலர்ந்தது. “நூறு வருஷமா? இங்கேயே வேர் பிடித்து, இங்கேயே பெருகி, இந்த மழையையும் அட்டையையும் தாங்கி நிற்கிற ஒன்றை இன்னும் அந்நியம் என்று சொல்வது நியாயமா, சிறில்? மனச்சாட்சி என்று ஒன்று இருக்கு.”

குழு உருகிப்போனது. கட்டக்கலு ‘இவ்விடத்தைச் சேர்ந்தது’ என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது. கடிதத்தை நான்தான் எழுதினேன். ஒழிக்க வேண்டிய செடிகளின் எண்ணிக்கை ஒரே பிற்பகலில் பூச்சியம் ஆயிற்று. இப்படி ஒரு வெற்றியை எந்தச் சுரண்டியால் சாதிக்க முடியும்?

மறுநாள் பீலித் தண்ணீர் அடியோடு நின்றது. சனங்கள் கேன்களைத் தூக்கிக்கொண்டு கீழ் ஓடைக்கு ஒரு மைல் நடந்தார்கள். அங்கே மாணிக்கக் குழிச் சேறு கலந்து தண்ணீர் ஓடியது. முழங்கால் வலிக்காரியான என் அம்மாவும் நடந்தார். ஆபிஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை எழுதப் படிவத்தில் நிரல் இல்லை.

புல்லு வெட்டுகிற கேங்கில் முன்னால் நிற்பவள் விஜயகலா. பலகை வருவதற்கு முன்பு பீலி வேலைக்கு ஆள் சேர்த்தவளும் அவள்தான். வெறும் கேனோடு ஜன்னலுக்கு வந்தாள்.

“கிளாக்கரையா, அந்தச் செடி இந்த எடத்துச் செடின்னு கடுதாசி குடுத்திட்டீங்களாமே?”

“குழுவோட முடிவு.”

“சந்தோசங்க. அப்ப அது பீலிக்குப் போகலாம்?”

“போகலாம். பலகையிலேயே இருக்கே.”

“நாங்க போகக்கூடாது?”

“கூடாது.”

“அது எங்கள கூட்டிக்கிட்டுப் போனா?”

விதிகளைப் புரட்டினேன். இதைப்பற்றி ஒரு வரியும் இல்லை.

“தடை இருக்கறதா தெரியல” என்றேன்.

“ஹரி” என்று சிங்களத்தில் ‘சரி’ சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை நாற்பத்திரண்டு பேர் பலகையைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் கொண்டையில் ஒரு கட்டக்கலுக் கொத்து. ஆண்கள் காதில் ஒரு கொத்து. என் அம்மா கொண்டையில் கொத்தும் கையில் மெழுகுவர்த்தியுமாக, என் குவாட்டர்ஸ் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் போனார். பகல் திரும்புவதற்குள் பதினொரு சாக்குச் செடி கீழே வந்தது. குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. நானும் ஒரு வாளி பிடித்தேன்.

திங்கட்கிழமை உண்மை சிறிதும் பிசகாமல் அறிக்கை எழுதினேன்: ‘வலயத்துக்குள் நாற்பத்திரண்டு கட்டக்கலுக்கள் பிரவேசித்தன. தேவையற்ற செடிகள் அகன்று நீர் ஓட்டம் சீரடைந்தது.’

திரு. கஜேந்திரன் தொலைபேசியில் நெகிழ்ந்து போனார். “ஒரு செடிக்கு இவ்வளவு சமூக உணர்வா! பார்த்தீங்களா சிறில், நாம அதைப் பிழையாக நினைத்துவிட்டோம்.”

அடுத்த மாதம் பெரட்டுக் களத்தில் ஆட்கள் பெயர் கொடுக்கிற இடத்திலேயே பந்தல் போட்டார்கள். ஒரு கட்டக்கலுவைச் சட்டியில் வைத்துப் பட்டு நாடா கட்டி, அதற்குப் பொன்னெழுத்துச் சான்றிதழ் வழங்கினார் திரு. கஜேந்திரன். நாற்பத்திரண்டு வீட்டாரும் கை தட்டினார்கள். தட்டச் சொல்லியிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பீலித் தண்ணீரில் தேத்தண்ணி கொடுத்தார்கள். நல்ல ருசி என்று குழு குறிப்பில் பதிந்தது.

ஜீப் போனபிறகு அம்மா சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னய்யா எழுதியிருக்கு? வாசி.”

“‘இம்மண்ணைச் சேர்ந்த கட்டக்கலு, பீலியைக் காப்பாற்றி ஆற்றிய சேவையைப் பாராட்டி...’”

“இந்த மண்ண சேந்ததுன்னா போட்டிருக்கு?”

“ஆமாம்மா.”

“நல்லது. கஷ்டப்பட்டிருக்கு பாவம்.” சான்றிதழின் பொன்னெழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இதுல எம் பேரு எங்கயாச்சும் இருக்கா?”

“இல்லை” என்றேன்.

அந்தச் சொல்லை நாற்பத்திரண்டு தடவை எழுதியிருக்கிறேன். வாய் திறந்து அம்மாவிடம் சொன்னது அன்றுதான். கட்டக்கலுப் பழத்தை நான் தின்னவில்லை. ஆனாலும் வாய் கறுத்துப் போயிற்று.